ஆன்சிபிள், பப்பெட், செஃப், சால்ட்: சர்வீஸை நிறுத்திக் கிளப்புவதில் யார் கெட்டி?

ஒரு சர்வரில் ஒரு சர்வீஸை (வெப் சர்வர், டேட்டாபேஸ் போலப் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ப்ரோகிராம்) கிளப்ப ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்’ என்று ஒரு வரி அடித்தால் போதும். அதையே நூறு சர்வர்களில், பக்கத்தில் ஆள் இல்லாமல், திரும்பத் திரும்பச் செய்யவேண்டி வரும்போதுதான் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் கருவிகளைத் தேடிப் போகிறோம். பப்பெட் 2005இல் வந்தது, செஃப் 2009, சால்ட் 2011, ஆன்சிபிள் 2012. பேக்கேஜ் போடுவது, ஃபைல் எழுதுவது, யூசர் சேர்ப்பது இதிலெல்லாம் நான்குக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எதை எடுத்தாலும் வேலை நடக்கும். சர்வீஸ் என்று வந்தால்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே தெரிகிறது. எழுதிய ஃபைல் எழுதிய இடத்தில் கிடக்கும். சர்வீஸ் அப்படிக் கிடக்காது. கருவி ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிட்டுப் போன இரண்டாவது நொடியில் செத்துப்போகும்.

அதனால் இந்த விமர்சனம் அந்த ஒரு வேலையை மட்டும் பார்க்கிறது: சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி, நிறுத்தி, கவனித்துக்கொள்ளும் ப்ரோகிராம்) ஓடும் லினக்ஸ் சர்வரில் சர்வீஸைக் கிளப்புவது, நிறுத்துவது, கான்ஃபிக் மாறினால் ரீஸ்டார்ட் செய்வது. மதிப்பெண் போட ஒரு கேள்வி போதும். கான்ஃபிக் ஃபைல் மாறிவிட்டது, ரீஸ்டார்ட் நடப்பதற்குள் வேறு ஏதோ ஒன்று உடைந்து கருவியின் ஓட்டம் பாதியில் நின்றுவிட்டது. அடுத்த ஓட்டத்தில் அந்த சர்வீஸ் புது கான்ஃபிக்குக்கு வந்து சேருமா?

‘ஓடுகிறது’ என்ற பதிலை எவ்வளவு நம்பலாம்

எழுதும் முறை நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆன்சிபிளில் ‘ஸ்டேட்’ என்பதற்கு ‘ஸ்டார்டட்’, பப்பெட்டில் ‘என்ஷூர்’ என்பதற்கு ‘ரன்னிங்’, சால்ட்டில் ‘சர்வீஸ் டாட் ரன்னிங்’, செஃபில் ‘ஆக்‌ஷன் ஸ்டார்ட்’. பூட் ஆகும்போது தானாகக் கிளம்ப வேண்டுமா என்பது தனிக் கேள்வி, அதற்கு ‘எனேபிள்’ என்று தனியே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான்குமே அதைத் தொடாது. ‘ஸ்டார்டட்’ மட்டும் போட்டுவிட்டு, அடுத்த கெர்னல் அப்டேட்டுக்கு ரீபூட் செய்த பிறகு சர்வீஸைக் காணோம் என்று தேடுவது இதனால்தான். செஃபில் இன்னொரு பள்ளம் இருக்கிறது: சர்வீஸ் ரிசோர்ஸில் (கருவி கவனிக்கவேண்டிய ஒரு பொருளுக்கான குறிப்பு) ஆக்‌ஷன் எதுவும் எழுதாவிட்டால் இயல்பான ஆக்‌ஷன் ‘நத்திங்’. பெயரை எழுதி வைத்ததோடு சரி, ஒன்றும் நடக்காது, எரரும் வராது.

கிளப்பச் சொன்ன பிறகு ‘ஓடுகிறது’ என்று கருவி சொல்வது அதன் சொந்தக் கண்டுபிடிப்பு கிடையாது, சிஸ்டம்டி சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறது. சிஸ்டம்டி என்ன சொல்லும் என்பது யூனிட் ஃபைலின் (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் ஃபைல்) ‘டைப்’ வரியைப் பொறுத்தது. ‘சிம்பிள்’ என்றிருந்தால், புது ப்ராசஸைப் பிரித்து உருவாக்கிய (ஃபோர்க்) கையோடு ‘கிளம்பிவிட்டது’ என்று சொல்லிவிடும். ஓட்டவேண்டிய ப்ரோகிராம் ஃபைல் (பைனரி) இருக்கிறதா என்றுகூட அப்போது தெரியாது. ‘எக்ஸெக்’ என்றால் பைனரி ஓடத் தொடங்கும்வரை காத்திருக்கும். ‘நோட்டிஃபை’ என்றால் சர்வீஸே ‘நான் தயார்’ என்று செய்தி அனுப்பும்வரை காத்திருக்கும். இயல்பாக 90 நொடி, அதற்குள் செய்தி வராவிட்டால் தோல்வி. சொந்தமாக எழுதும் சர்வீஸுக்கு ‘நோட்டிஃபை’ வைக்க முடிந்தால் இந்தப் பக்கத்தில் பாதிப் பிரச்சினை இல்லாமல் போகும். யாரும் வைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆன்சிபிளின் சிஸ்டம்டி மாட்யூல் (ஒரு வகை வேலையைச் செய்யும் அதன் பகுதி) இதில் ஒரு படி மேலே போகிறது, தவறான திசையில். சர்வீஸின் நிலை ‘ஆக்டிவ்’ என்றாலும் ‘ஆக்டிவேட்டிங்’ என்றாலும் இரண்டையும் ‘ஓடுகிறது’ என்றே அது எடுத்துக்கொள்கிறது. யூனிட் ஃபைலில் ‘ரீஸ்டார்ட் ஆல்வேஸ்’ போட்டு, கான்ஃபிக் தவறால் சர்வீஸ் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தால், இரண்டு முயற்சிக்கு இடைப்பட்ட நேரத்தில் அதன் நிலை ‘ஆக்டிவேட்டிங்’தான். அந்த நேரத்தில் ப்ளேபுக்கை (ஆன்சிபிள் செய்யவேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) ஓட்டினால் பச்சை நிறத்தில் ‘ஓகே’ வரும்.

சால்ட் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கிறது. ‘இனிட் டிலே’ என்று ஒரு அளவுரு உண்டு. 5 என்று கொடுத்தால், கிளப்பிய பிறகு 5 நொடி பொறுத்துவிட்டு நிலையை மறுபடி பார்க்கும். அதற்குள் சர்வீஸ் விழுந்திருந்தால் ஸ்டேட் (சால்ட்டில் எழுதும் ஒரு விதி) தோல்வி என்று வரும். சின்ன விஷயம், ஆனால் கான்ஃபிக் தவறால் சாகும் சர்வீஸ்கள் பெரும்பாலும் முதல் சில நொடிகளிலேயே சாகின்றன என்பதால் நன்றாகவே பிடிக்கிறது. ஆன்சிபிளில் இதைக் கையால் செய்யவேண்டும்: சர்வீஸ் டாஸ்க்குக்கு (டாஸ்க் என்பது ப்ளேபுக்கில் ஒரு வேலை) அடுத்து ‘வெயிட் ஃபார்’ மாட்யூலில் போர்ட் எண் கொடுப்பது, அல்லது ‘யூஆர்ஐ’ மாட்யூலில் சர்வீஸ் நலமா என்று சொல்லும் ஹெல்த் முகவரியிலிருந்து ‘சரி’ என்ற 200 பதில் வரும்வரை ‘அன்டில்’ போட்டுச் சுற்றுவது. ‘வெயிட் ஃபார்’ இயல்பாக 300 நொடி காத்திருக்கும், அதைக் குறைக்காவிட்டால் தோல்வி தெரியவே ஐந்து நிமிடம் ஆகும். ‘அன்டில்’ இயல்பாக 3 முயற்சி, 5 நொடி இடைவெளி. ஜாவா சர்வீஸுக்கு இது பற்றாது. 12 முயற்சி, 5 நொடி என்று வைத்தால் ஒரு நிமிடம் கிடைக்கும்.

டெபியன், உபுன்டுவில் போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகக் கவனிக்கவேண்டும். அங்கே ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்ற சர்வீஸ் ஒரு பொம்மை. அதன் வேலை ‘ட்ரூ’ என்ற கட்டளையை ஓட்டிவிட்டு ‘ஆக்டிவ்’ என்று நிற்பது மட்டும்தான். உண்மையான டேட்டாபேஸ், பதிப்பு எண்ணும் கிளஸ்டர் பெயரும் சேர்ந்த வேறொரு யூனிட்டில் ஓடுகிறது: போஸ்ட்கிரெஸ்க்யூஎல், அட் குறி, 15, ஹைஃபன், மெயின் என்பது போல. உண்மையானது செத்துக் கிடந்தாலும் பொம்மை ‘ஆக்டிவ்’ என்றே நிற்கும். பொம்மையின் பெயரைக் கொடுத்தால் நான்கு கருவிகளும் ஒரே குரலில் ‘ஓடுகிறது’ என்று சொல்லும். கிளஸ்டர் யூனிட்டின் முழுப் பெயரைக் கொடுங்கள்.

சிஸ்டம்டிக்கு முந்தைய, சர்வீஸைக் கிளப்பும் இனிட் ஸ்கிரிப்டுகள் இன்னும் மிச்சமிருக்கும் இடங்களில் கதை வேறு. ‘ஸ்டேட்டஸ்’ கேட்டால் ஓடும்போது 0, நின்றிருந்தால் 3 என்று எக்ஸிட் கோடு (கட்டளை முடியும்போது திருப்பும் எண்) வரவேண்டும். கையால் எழுதிய பல ஸ்கிரிப்டுகள் எப்போதும் 0 தரும், அதனால் கருவி அதைக் கிளப்பவே போகாது. இதற்காக பப்பெட்டில் ‘ஹாஸ்ஸ்டேட்டஸ்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கி ‘பேட்டர்ன்’ கொடுக்கலாம், ப்ராசஸ் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடும். பெயரைக் கவனமாகக் கொடுக்காவிட்டால், யாரோ அந்த சர்வீஸின் லாகை ‘டெயில்’ போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதையே ‘சர்வீஸ் ஓடுகிறது’ என்று எடுத்துக்கொள்ளும்.

தொலைந்துபோகும் ரீஸ்டார்ட்

இனி முக்கியமான இடம். கான்ஃபிக் ஃபைல் மாறினால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய் என்ற தொடர்புக்கு ஆன்சிபிளில் ஹேண்ட்லர் என்று பெயர். டாஸ்க் ‘சேஞ்ச்ட்’ என்று வந்தால் ‘நோட்டிஃபை’ போகும், ஹேண்ட்லர் அந்தப் பகுதியின் கடைசியில் ஒரே ஒரு முறை ஓடும். பத்து டாஸ்க் கூப்பிட்டாலும் ஒரு முறைதான். கூப்பிட்ட வரிசையில் ஓடாது, ஹேண்ட்லர் பட்டியலில் எழுதியிருக்கும் வரிசையில்தான் ஓடும். புதியவர்கள் பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான்.

நல்ல ஏற்பாடுதான், ஒரு ஓட்டையைத் தவிர. ஃபைல் மாறிய பிறகு, ஹேண்ட்லர் ஓடுவதற்கு முன், வேறொரு டாஸ்க் அந்த சர்வரில் தோற்றுவிட்டால் ஹேண்ட்லர் ஓடாது. தோற்ற டாஸ்க்கைச் சரிசெய்து மறுபடி ஓட்டுகிறீர்கள். இப்போது ஃபைல் ஏற்கெனவே புதிதாக இருக்கிறது, ‘சேஞ்ச்ட்’ வராது, நோட்டிஃபையும் போகாது. எல்லாம் பச்சை. சர்வீஸ் மட்டும் பழைய கான்ஃபிக்கை நினைவில் வைத்துக்கொண்டு ஓடும். கிணற்றில் போட்ட கல். மூன்று மாதம் கழித்து யாராவது ரீபூட் செய்யும்போது புது கான்ஃபிக் அமலுக்கு வந்து, ‘ஒன்றுமே மாற்றவில்லையே, ஏன் உடைந்தது’ என்று எல்லோரும் தலையைச் சொறிவார்கள்.

இதற்கு ஆன்சிபிள் தரும் மருந்து ‘ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்’. கட்டளையிலோ, ப்ளேயிலோ, ஆன்சிபிள் கான்ஃபிக் ஃபைலிலோ போடலாம். போட்டால், டாஸ்க் தோற்றாலும் கூப்பிட்ட ஹேண்ட்லர்கள் ஓடும். சர்வர் தொடர்பே அறுந்துபோனால் இதுவும் உதவாது. செஃப் இதை யாரும் கேட்காமலே செய்கிறது: ஓட்டம் நடுவில் உடைந்தாலும், வரிசையில் நிற்கும் ‘டிலேய்ட்’ நோட்டிஃபிகேஷன்களை ஓட்டிவிட்டுத்தான் எரரோடு வெளியே வரும். நான் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஒரே கருவி இதுதான்.

அதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டு கான்ஃபிக் ஃபைல்கள் சேர்ந்து மாறவேண்டிய இடத்தில் முதலாவது எழுதப்பட்டு இரண்டாவது தோற்றால், பாதி புதிது பாதி பழையதோடு சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும். டேட்டாபேஸ் மாதிரி இடங்களில் இது பழைய கான்ஃபிக்கோடு ஓடுவதைவிட மோசம்.

பப்பெட்டும் சால்ட்டும் வேறு வழி. பப்பெட்டில் ‘நோட்டிஃபை’ அல்லது ‘சப்ஸ்கிரைப்’, சால்ட்டில் ‘வாட்ச்’. இரண்டிலும் ஒரு ரிசோர்ஸ் தோற்றால் அதைச் சார்ந்தவை மட்டும்தான் தவிர்க்கப்படும், மற்றவை தொடரும். அதனால் சம்பந்தமில்லாத தோல்வியால் ரீஸ்டார்ட் தொலைவதில்லை. ஆன்சிபிளோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி. ஆனால் சர்வீஸ் சார்ந்திருக்கும் மூன்று விஷயங்களில் ஒன்று மாறி, இன்னொன்று தோற்றால், சர்வீஸ் ரிசோர்ஸ் தவிர்க்கப்படும். அடுத்த ஓட்டத்தில் மாறியது மாறியதாகவே இருப்பதால் செய்தி போகாது. ஓட்டை சின்னது, ஆனால் அதே ஓட்டை. சர்வீஸுக்கு உண்மையில் தேவையானதை மட்டும் சார்பாக வையுங்கள். வரிசை அழகாக இருக்கட்டும் என்று மானிட்டரிங் பேக்கேஜையெல்லாம் அதற்கு முன்னால் கோர்க்காதீர்கள்.

எந்தக் கருவியாக இருந்தாலும் முழுதாக அடைக்க ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் நாட்டு வைத்தியம் மாதிரி. கான்ஃபிக் ஃபைல் மாறினால் உடனே, அடுத்த டாஸ்க்கிலேயே, ‘ரன்’ டைரக்டரியில் ‘ரீஸ்டார்ட் தேவை’ என்று ஒரு வெற்று ஃபைல் போடுங்கள். கடைசியில் அந்த ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட் வெற்றி பெற்றால் ஃபைலை அழியுங்கள். ஓட்டம் எத்தனை முறை உடைந்தாலும் அடையாளம் அழியாமல் நிற்கும். ‘ரன்’ டைரக்டரி மெமரியில் இருப்பது, ரீபூட் ஆனால் காலியாகிவிடும். ரீபூட்டில் சர்வீஸும் புதிதாகக் கிளம்பிவிடுவதால் அந்தக் கணக்கும் சரியாக வருகிறது. ‘வார்’ டைரக்டரிக்குள் போட்டால் ரீபூட்டுக்குப் பிறகு தேவையில்லாமல் இன்னொரு ரீஸ்டார்ட் நடக்கும்.

முதல்முறை சர்வரைக் கட்டும்போது வரும் இரட்டைக் கிளப்பல் பற்றியும் சொல்லவேண்டும். ஆன்சிபிளில் கான்ஃபிக் ஃபைலை எழுதும் டெம்ப்ளேட் டாஸ்க் ஹேண்ட்லரைக் கூப்பிடுகிறது, அடுத்த டாஸ்க் சர்வீஸைக் கிளப்புகிறது, கடைசியில் ஹேண்ட்லர் வந்து இப்போதுதான் கிளம்பிய சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறது. வெப் சர்வருக்குப் பரவாயில்லை. முதல் கிளம்பலில் டேட்டா ஃபைல்களை உருவாக்கும் சர்வீஸை அந்த நேரத்தில் உலுக்குவது நல்லதில்லை. ஸ்டார்ட் டாஸ்க்கின் பதிலை ‘ரெஜிஸ்டர்’ செய்து, அது ‘சேஞ்ச்ட்’ ஆகாதபோது மட்டும் ஓடும்படி ஹேண்ட்லருக்கு ‘வென்’ போடலாம். சால்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. அந்த ஓட்டத்தில் சர்வீஸை அதுவே கிளப்பியிருந்தால், ‘வாட்ச்’ ரீஸ்டார்ட்டைத் தானே விட்டுவிடும். டெபியன் வகை சர்வர்களில் பேக்கேஜ் போட்டதுமே, உங்கள் கான்ஃபிக் போய்ச் சேரும் முன்பே, சர்வீஸ் தானாகக் கிளம்பிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அது வேண்டாமென்றால் ‘பாலிசி ஆர்சி டி’ ஸ்கிரிப்ட் 101 என்று திருப்பவேண்டும். ஆன்சிபிளின் ‘ஆப்ட்’ மாட்யூலில் இதற்கென்றே ஒரு அளவுரு இருக்கிறது.

செஃபில் ‘இம்மீடியட்லி’ என்று ஒரு நேரக்குறிப்பு உண்டு. ஆறு டெம்ப்ளேட்டுக்கும் அதைப் போட்டால் சில நொடிகளுக்குள் ஆறு ரீஸ்டார்ட். சிஸ்டம்டி இயல்பாக 10 நொடியில் 5 முறைக்கு மேல் கிளப்ப விடாது. ஆறாவதில் ‘மிக வேகமாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறாய்’ என்று மறுத்து, சர்வீஸை ‘ஃபெயில்ட்’ நிலையில் விட்டுவிடும். கான்ஃபிக்கில் ஒரு தவறும் இருக்காது. ‘ரீசெட் ஃபெயில்ட்’ கொடுத்துவிட்டுக் கிளப்பினால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். ‘டிலேய்ட்’தான் இயல்பு, அதை மாற்ற வலுவான காரணம் வேண்டும்.

ரீலோட் செய்வதா, ரீஸ்டார்ட் செய்வதா

ஓடிக்கொண்டிருக்கும் கனெக்‌ஷன் அறுபடாமல் இருக்க ரீலோட் (சர்வீஸை நிறுத்தாமலே கான்ஃபிக்கை மறுபடி படிக்கவைப்பது) நல்லது. சால்ட்டில் ‘ரீலோட் ட்ரூ’ போட்டால் ‘வாட்ச்’ ரீஸ்டார்ட்டுக்குப் பதில் ரீலோட் செய்யும். பப்பெட்டில் நேரடி வழி இல்லை. ‘ரீஸ்டார்ட்’ அளவுருவில் ரீலோட் கட்டளையை எழுதி ஏமாற்றவேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இது இப்படித்தான் என்பது கொஞ்சம் எரிச்சல்தான். ஆன்சிபிளில் ‘ரீலோடட்’ உண்டு, ஆனால் சர்வீஸ் நின்றுகொண்டிருந்தால் அதைக் கிளப்பிவிடும். ‘ரீஸ்டார்டட்’டும் அப்படியே. வேண்டுமென்றே நிறுத்திவைத்த சர்வீஸை ஹேண்ட்லர் எழுப்பிவிடும் என்று அர்த்தம். பப்பெட் இதில் ஒழுக்கம்: சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் ரீஸ்டார்ட், நின்றிருந்தால் தொடாது.

ரீலோட் தோற்றதா என்பதையும் யூனிட் ஃபைலைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். ரீலோட் வரியில் வெறும் ‘கில்’ கட்டளையால் ஹெச்யூபி சிக்னல் மட்டும் அனுப்பினால், கான்ஃபிக் தவறாக இருந்தாலும் எக்ஸிட் கோடு 0தான். என்ஜின்எக்ஸ் பழைய கான்ஃபிக்கோடு ஓடிக்கொண்டே இருக்கும், எரர் அதன் லாகில் மட்டும் இருக்கும், கருவிக்குத் தெரியாது. அதனால் ரீலோடுக்கு முன் சோதனை வையுங்கள். ஆன்சிபிள் டெம்ப்ளேட்டில் ‘வேலிடேட்’, செஃபில் ‘வெரிஃபை’: ஃபைலைத் தற்காலிக இடத்தில் எழுதி, சோதனைக் கட்டளையை ஓட்டி, தேறினால்தான் உரிய இடத்துக்குக் கொண்டுபோகும். சூடோயர்ஸ் ஃபைலுக்கு ‘விசூடோ’, எஸ்எஸ்ஹெச்டிக்கு ‘டி’ கொடி. இரண்டும் அழகாக வேலை செய்யும்.

என்ஜின்எக்ஸில் மாட்டிக்கொள்வீர்கள். முதன்மை ஃபைலுக்குச் சோதனை ஓடும். ஒரு தளத்துக்கான துண்டு ஃபைலைத் தனியாகச் சோதித்தால், ‘சர்வர்’ பிளாக் ‘ஹெச்டிடிபி’ பிளாக்குக்குள் இல்லையே என்று எரர் வரும், ஃபைல் சரியாகவே இருந்தாலும். துண்டு ஃபைல்களுக்கு வழி: உரிய இடத்தில் எழுதியபின், ரீலோட் ஹேண்ட்லருக்கு முன்னால் இன்னொரு ஹேண்ட்லராக முழுச் சோதனையை ஓட்டுவது. அது தோற்றால் ரீலோட் நடக்காது, ஓடுவது ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் தவறான ஃபைல் டிஸ்கில் உட்கார்ந்திருக்கும், அடுத்த ரீபூட்டில் என்ஜின்எக்ஸ் எழாது. எனவே ‘பிளாக்’, ‘ரெஸ்க்யூ’ போட்டு பழைய ஃபைலைத் திருப்பி வைக்கும் வேலையையும் சேர்த்து எழுதவேண்டும். எழுதாதவர்களே அதிகம்.

திறக்கக்கூடிய ஃபைல் எண்ணிக்கை வரம்பு போல யூனிட் ஃபைலில் இருப்பவை ரீலோடில் அமலாகாது, ரீஸ்டார்ட்தான். அதற்கும் முன், யூனிட் ஃபைல்களை சிஸ்டம்டி மறுபடி படிக்க ‘டீமன் ரீலோட்’ வேண்டும். பப்பெட் 6.1 முதல் தேவைப்பட்டால் தானே செய்கிறது. சால்ட்டும் யூனிட் மாறியிருப்பதைக் கண்டுபிடித்துச் செய்கிறது. செஃபில் ‘சிஸ்டம்டி யூனிட்’ ரிசோர்ஸ் வழியாக எழுதினால் நடக்கும், சாதாரண டெம்ப்ளேட்டாக எழுதினால் நடக்காது. ஆன்சிபிளில் நீங்கள்தான் ‘டீமன் ரீலோட்’ என்று சொல்லவேண்டும். மறந்தால் சர்வீஸ் பழைய யூனிட்டோடு ரீஸ்டார்ட் ஆகும், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

நிறுத்துவது கிளப்புவதைவிடக் கஷ்டம்

ஆன்சிபிளில் ‘ஸ்டாப்ட்’ கொடுத்து சர்வீஸ் நின்றால், அடுத்த ஓட்டம்வரை அது நின்றே இருக்கும். ஒவ்வொரு சர்வரிலும் உட்கார்ந்திருக்கும் பப்பெட் ஏஜென்ட் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும். செஃப் க்ளையன்டையும் டீமனாக விட்டால் 1800 நொடி. பப்பெட்டின் விதி ஃபைலான மேனிஃபெஸ்டில் ‘ரன்னிங்’ என்று இருக்கும் சர்வீஸைக் கையால் நிறுத்திவிட்டு டிஸ்க் வேலை பார்த்துக்கொண்டிருந்தால், வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது போல நடுவில் சர்வீஸ் எழுந்துவிடும். டேட்டா டைரக்டரியை நகர்த்திக்கொண்டிருக்கும்போது டேட்டாபேஸ் எழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. முதலில் ஏஜென்டை ‘டிசேபிள்’ செய்யுங்கள், காரணத்தையும் அதே கட்டளையில் எழுதுங்கள். இன்னொருவர் ஏஜென்டை ஓட்டப் பார்த்தால் அந்தக் காரணம் திரையில் வரும். வேலை முடிந்ததும் ‘எனேபிள்’ செய்ய மறப்பது இதன் மறுபக்கம்.

நிறுத்தச் சொன்னால் சிஸ்டம்டி முதலில் டெர்ம் சிக்னல் அனுப்பும், இயல்பாக 90 நொடி பொறுக்கும், பிறகு கில். பெரிய கேஷை டிஸ்கில் எழுதிவிட்டு மூடும் சர்வீஸுக்கு 90 நொடி பற்றாது. யூனிட்டில் நிறுத்தும் நேர வரம்பைக் கூட்டவேண்டும். ஜாவா சர்வீஸ்கள் டெர்ம் வாங்கி ஒழுங்காக மூடினாலும் எக்ஸிட் கோடு 143 வரும், சிஸ்டம்டி அதைத் தோல்வி என்று குறித்துக்கொள்ளும். கருவிகளுக்கு ‘ஃபெயில்ட்’ என்பதும் நின்றதுதான், அதனால் அவை குறை சொல்லாது, மானிட்டரிங்தான் கத்தும். யூனிட்டில் 143ஐ வெற்றிக் கோடாக ஒரு வரி சேர்த்தால் அடங்கும்.

நிறுத்தியது தானாக எழுந்தால் மூன்று இடத்தில் தேடுங்கள். ஒன்று சாக்கெட்: டாக்கர் சர்வீஸை நிறுத்தினாலும் டாக்கர் சாக்கெட் விழித்திருந்தால், அடுத்த ஆள் கட்டளை அடித்ததும் சர்வீஸ் எழுந்துவிடும். இரண்டையும் நிறுத்தவேண்டும். இரண்டு, டைமர். மூன்று, வேறொரு யூனிட் இதைத் தேவை என்று இழுப்பது. இதற்கு ‘டிசேபிள்’ போதாது, எந்த வழியிலும் கிளம்பவிடாத ‘மாஸ்க்’ வேண்டும். நான்கு கருவிகளிலும் வசதி உண்டு. யூனிட் ஃபைலையே நீங்கள் ‘எட்சி’க்குள் இருக்கும் சிஸ்டம்டி டைரக்டரியில் எழுதியிருந்தால் மட்டும் மாஸ்க் மறுக்கும், ஏனென்றால் அது போடவேண்டிய இணைப்பின் இடத்தில் உண்மையான ஃபைல் உட்கார்ந்திருக்கிறது.

இல்லாத சர்வீஸை நிறுத்தச் சொன்னால் பப்பெட்டும் சால்ட்டும் ‘நின்றுதானே இருக்கிறது’ என்று சமாதானமாகப் போகும். ஆன்சிபிள் ‘அப்படி ஒரு சர்வீஸ் இல்லை’ என்று தோற்கும். சர்வீஸை நிறுத்தி, பேக்கேஜை நீக்கும் ப்ளேபுக் முதல்முறை ஓடி, இரண்டாம் முறை உடைவது இதனால்தான். முன்னால் ‘சர்வீஸ் ஃபேக்ட்ஸ்’ ஓட்டி, பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் நிறுத்தும்படி ‘வென்’ எழுதுங்கள்.

கூட்டமாகச் செய்யும்போது

இங்கே ஆன்சிபிளுக்கு நிகரில்லை. ‘சீரியல்’ என்பதற்கு 1 என்றோ 25 சதவீதம் என்றோ கொடுத்து, லோட் பேலன்சரிலிருந்து (வரும் கோரிக்கைகளை சர்வர்களுக்குப் பிரித்துத் தருவது) எடு, ரீஸ்டார்ட் செய், ஹெல்த் பார், திருப்பிச் சேர் என்று வரிசையாக எழுதலாம். ஒரு தொகுதி முழுதும் தோற்றால் அங்கேயே நிற்கும். ஹேண்ட்லர் கடைசியில் ஓடும் என்பதால், ஹெல்த் பார்க்கும் முன் ‘ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ்’ போடுவது கட்டாயம். போடாவிட்டால் பழைய ப்ராசஸின் ஹெல்த்தைப் பார்த்துவிட்டு, லோட் பேலன்சரில் திருப்பிச் சேர்த்த பிறகு ரீஸ்டார்ட் செய்யும். சால்ட்டில் ‘பேட்ச்’ உண்டு. ஆயிரம் மெஷினில் ஒரே நேரத்தில் ஒரு சர்வீஸின் நிலை கேட்க அதன் வேகத்துக்குப் பக்கத்தில் எதுவும் வராது. பப்பெட் ஏஜென்டுகளும் செஃப் க்ளையன்டுகளும் தனித்தனியாக எழுந்து தனித்தனியாக ரீஸ்டார்ட் செய்யும். மூன்று நோடு கிளஸ்டரில் இரண்டு ஒரே நிமிடத்தில் விழலாம், தடுக்க ஆளில்லை.

ஆக, ரீஸ்டார்ட்களை வரிசை வைத்துச் செய்வதுதான் வேலை என்றால் ஆன்சிபிள், ‘ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்’ பற்றி முதல் நாளே முடிவெடுத்துவிட்டு. சர்வீஸ் என்றைக்கும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், யார் நிறுத்தினாலும் அரைமணியில் எழவேண்டும் என்றால் பப்பெட். சர்வீஸ் மாட்யூலின் நுணுக்கத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் சால்ட்தான் முதல். ‘இனிட் டிலே’, இரட்டைக் கிளப்பல் இல்லாதது, தானாக டீமன் ரீலோட் என்று சின்னச் சின்ன இடங்களில் அக்கறை தெரிகிறது. செஃபின் நோட்டிஃபிகேஷன் முறை நால்வரிலும் திடமானது. அதற்காக மட்டும் புதிதாக ஒருவர் ரூபி கற்றுக்கொண்டு அதற்குள் நுழைவது கணக்குக்கு வராது; ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மாற்ற அவசரப்படவேண்டியதும் இல்லை.

சால்ட் எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்: சால்ட் மினியனின் (ஒவ்வொரு சர்வரிலும் ஓடி, மாஸ்டர் என்ற தலைமை சர்வர் சொல்வதைச் செய்யும் சால்ட் ப்ராசஸ்) கான்ஃபிக்கை சால்ட்டாலேயே மாற்றி, மினியனை ரீஸ்டார்ட் செய்யும் ஸ்டேட். வேலையை நடத்திக்கொண்டிருக்கும் ப்ராசஸையே அது கொல்லச் சொல்கிறது, பதில் மாஸ்டருக்கு வந்து சேராது. மினியன் ரீஸ்டார்ட்டை அந்த ஸ்டேட்டின் கடைசியில் வைத்து, பின்னணியில் ஓடும் தனிக் கட்டளையாக ‘சால்ட் கால்’ வழியாகக் கொடுங்கள்.